ஓரம் கிழிந்த சால்வை

கிதானே மேடு தீர்த்தம்
திகிம்த் 9, 1990

பெரியத்தானுக்கு ஜெம்பெர் எழுதுவது.

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. உங்கள் தம்பியைத் தீர்த்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் அண்ணன்மார் இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். புவியியல் வாத்தியாரைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துப் போவதை அவரிடம் படித்த பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். ஒருத்தன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மழைக்காலப் பயிற்சிக்கு அடிஸ் அபெபாவுக்கு வந்து உங்கள் வீட்டில் தங்கியபோது அயலேவ் நன்றாகத்தான் இருந்தார். திரும்பி வந்தவர் வேறு ஆள். வானொலிக்காரன் தன் பெயரை வாசிக்கிறான் என்கிறார். சுவரில் உலகப்படம் வரைந்து, நம் ஊர் இருக்கும் இடத்தை மட்டும் நகத்தால் சுரண்டி எடுக்கிறார். சின்னவன் பக்கத்தில் போனால், "இவன் என் புள்ள இல்ல, மாத்தி வெச்சிட்டாங்க" என்கிறார். பிள்ளைகளை என் தங்கை வீட்டில் விட்டிருக்கிறேன்.

விடியற்காலையில் பாதிரியார் தீர்த்தம் ஊற்றி, நெற்றியில் சிலுவையை அழுத்திக் கேட்டார். "யாரு நீ? எங்க வெச்சு இவனப் புடிச்ச?" உங்கள் தம்பி வாயிலிருந்து அவருடையதே இல்லாத ஒரு குரல் வந்தது. "அண்ணன் வீட்டுல. காபி குடிக்கையில. ஒரு பொம்பள கண்ணு வழியா." அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

உங்கள் வீட்டில் காபி வறுத்து ஊற்றுவது ஹிருத் அக்கா. நான் அவர்கள்மேல் பழி போடவில்லை, வாய் சொன்னதை எழுதுகிறேன். அவர்கள் தாத்தா இரும்படித்தவர், இரும்படிக்கிற வீட்டில் கொள்ளிக்கண் இருக்கும் என்பது ஊர்ப் பேச்சு. வேண்டுமென்று செய்வதில்லையாம், அவர்களுக்கே தெரியாமல் போய்ப் பற்றிவிடுமாம். கேட்பது ஒன்றே ஒன்றுதான். அக்கா போர்த்துகிற வெள்ளைச் சால்வையில் ஓரமாக ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். தணலில் போட்டு அந்தப் புகையை இவர் மூக்கில் ஏற்றினால், பிடித்தது விட்டு இறங்கும். அக்கா காலில் விழுந்து கேட்பதாகச் சொல்லுங்கள்.

ஜெம்பெர்


அடிஸ் அபெபா
திகிம்த் 24

ஜெம்பெர்,

உன் கடிதத்தை நான் ஹிருத்திடம் காட்டவில்லை. அவளே மேசையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு அன்று காபி வறுக்கவில்லை. இருபது வருடத்தில் எங்கள் வீட்டில் காபி மணக்காத முதல் ஞாயிறு அது.

இரும்படித்தவர் பேத்தி என்று எழுதுகிறாய். உன் அப்பா உழுத கலப்பைக்குக் கொழு யார் அடித்தது? தேவதூதன் அடித்துக் கொண்டுவந்தானா? அந்தக் கொழுவால் விளைந்த தானியத்தைத் தின்று வளர்ந்துவிட்டு, அடித்தவன் கண் கொள்ளிக்கண் என்கிறாய். நல்ல நியாயம்.

நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். அயலேவுக்குப் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவனுக்கு வந்திருப்பது மூளையில் ஒரு நோய். மஞ்சள் காமாலைக்குக் கண் மஞ்சளாகிறது, இந்த நோய்க்கு இல்லாத குரல் கேட்கிறது, அவ்வளவுதான். எங்கள் வங்கி மேலாளரின் மச்சினனுக்கு இதே நோய். இன்று அவன் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கொட்டி மிரட்டி 'யார் நீ' என்று கேட்டால் நான்கூடத்தான் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுவேன். அவன் கடைசியாக நன்றாக இருந்த இடம் எங்கள் வீடு, அதைச் சொல்லியிருக்கிறான். இதுகூடவா புரியவில்லை?

சால்வைத் துண்டு வராது. அதற்குப் பதில் மாத்திரை அனுப்புகிறேன். நம் நூற்றாண்டு முடியப்போகிறது, ஜெம்பெர். காலையில் ஒன்று, படுக்கும்போது இரண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு. உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்றே படித்த நர்ஸ் ஒருவர் வந்திருக்கிறாராம். கயிற்றை அவிழ்த்து அவரிடம் கூட்டிப் போ. மாத்திரை கொடுத்தேன் என்று எழுதும்வரை எனக்கு எழுதாதே.

மெக்கோனென்


கிதானே மேடு
தஹ்சாஸ் 6

பெரியத்தானுக்கு,

மாத்திரை கொடுத்தேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கொடுக்கவில்லை. உங்கள் பொட்டலத்தை மண்ணில் புதைத்து மேலே கல் வைத்தேன். ஏன் என்று உங்களுக்கு அங்கிருந்து தெரியாது. தீர்த்தம் ஊற்றும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. இப்போது கிறிஸ்துமஸ் நோன்பு வேறு, சாயங்காலம் வரை யாருக்கும் சாப்பாடு இல்லை. நீங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதுகிறீர்கள். இங்கே எது சாப்பாடு? அதற்குமேல், மாத்திரையும் தீர்த்தமும் சேர்ந்தால் தீர்த்தம் கோபித்துக்கொள்ளும் என்று தீர்த்தத்துக் காவல்காரர் சொல்லிவைத்திருக்கிறார். இரண்டு படகில் கால் வைக்கப் பயந்தேன்.

உங்கள் தம்பி எலும்பாகிவிட்டார். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினார் என்று இரும்புச் சங்கிலி போட்டார்கள், இரண்டு மணிக்கட்டிலும். அதோடுதான் தினமும் விடியற்காலையில் நனைகிறார். இரும்பு காய்வதே இல்லை. தோல் வெள்ளையாகப் பூத்து உரிகிறது. பக்கத்துக் கம்பத்தில் ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறார்கள், அவள் அம்மா பெயர் சிகே. ஒருநாள் நான் அழுதுகொண்டிருந்தபோது சிகே வந்து உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட மாத்திரை இருக்காடி?"

"பொதச்சிட்டேன்."

"தோண்டி எடு. பார்லி மாவுல உருட்டி வெச்சுக் குடு. நான் அப்படித்தான் குடுக்கறேன்."

"தீர்த்தம் கோவிச்சுக்காதா?"

"கடவுளுக்கு உன்ன மாதிரி மூக்கு மேல கோவமா வரும்? தண்ணியப் படைச்சவன்தான் மாத்திரையையும் படைச்சான். குடு, போ."

கொடுத்தேன், பெரியத்தான். முதல் வாரம் தூங்கினார். அடுத்த வாரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "புள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்களா?" என்று கேட்டார். புள்ளைங்க என்றார். மாற்றி வைத்த பிள்ளை என்று சொல்லவில்லை. நான் மலையே அதிரக் கூவிக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

ஹிருத் அக்காவைப் பற்றி எழுதியதை நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தனியாக நடந்து போய் நர்ஸைப் பார்த்தேன். அண்ணன் ஹைலே என்று கூப்பிடுகிறார்கள், சின்ன வயது, திட்டாமல் பேசுகிறார். மாத்திரை முடிவதற்குள் மாதம் ஒரு ஊசி என்று மாற்ற வேண்டுமாம். முதல் சில மாதம் அடிஸ் பெரிய ஆஸ்பத்திரியில்தான் போட்டுப் பார்க்க வேண்டும், படுக்கை கிடைக்காது, பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்றார். உடனே உங்கள் வீட்டைச் சொன்னேன். அப்புறம் அவர் ஒன்று கேட்டார். "அப்பா வழில யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்துதா? இருந்தா சொல்லுங்க, மருந்து முடிவு பண்ண ஒதவும்." எனக்கு என்ன தெரியும்? நீங்கள்தான் எழுத வேண்டும்.

மாத்திரை உள்ளங்கையில் கிடக்கும் அளவுதான் மிச்சம். திம்கத் பண்டிகைக் கூட்டம் சேருவதற்குள் பஸ் ஏற வேண்டும். ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கே கிளம்புகிறேன். கொஞ்சம் மாத்திரையும் கொடுத்தனுப்புங்கள்.

ஜெம்பெர்


அடிஸ் அபெபா
தஹ்சாஸ் 22

அன்புள்ள ஜெம்பெருக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். அயலேவ் பிள்ளைகளைக் கேட்டான் என்று படித்தபோது வங்கியில் எல்லோர் முன்னாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ நல்ல காரியம் செய்தாய்.

இப்போது நான் எழுதப்போவதை எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. மஹ்லெத்தைப் பெண் கேட்டு வருகிறார்கள். திம்கத் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் வருவார்கள். பையன் தங்கமான பையன், மஹ்லெத்துக்கும் பிடித்திருக்கிறது. அவன் அப்பா சுகாதார அதிகாரி. உனக்குத் தெரியும், ஏழு தலைமுறை கேட்பார்கள். அந்தக் காலத்தில் குஷ்டம் உண்டா, அடிமை ரத்தம் உண்டா என்று கேட்டார்கள். இப்போது படித்தவர்கள் மூளை நோய் உண்டா என்றும் கேட்கிறார்கள்.

பேய் பிடித்தது என்றால் அது வெளியிலிருந்து வந்தது, ஒருநாள் போய்விடும். யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்லப்போவதில்லை. பரிதாபப்பட்டு ஒரு மெழுகுவத்திகூட ஏற்றுவார்கள். மூளை நோய் என்றால் அது எங்கள் ரத்தம். என் மகளின் ரத்தம். நான் உனக்கு விளக்கமாக எழுதினேனே, அதையெல்லாம் மாப்பிள்ளையின் அப்பா என்னைவிட நன்றாகப் படித்தவர். இப்போது நான் படித்த படிப்பே எனக்கு எமனாக வந்து நிற்கிறது.

அயலேவ் இந்த வீட்டில் இருக்கும்போது அவர்கள் வந்தால் முடிந்தது. அவன் மாதாமாதம் அந்த ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதை யாராவது பார்த்தாலும் முடிந்தது. மாத்திரையும் இந்த முறை அனுப்ப முடியவில்லை. எங்கள் பகுதி மருந்துக் கடையில் இருப்பவன் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். பாஸ்கா வரை பொறுத்துக்கொள். அதுவரை தீர்த்தத்திலேயே இருங்கள். யார் கேட்டாலும் கண் பட்டது என்றே சொல். நர்ஸ் கேட்டதற்கு, அப்பா வழியில் யாரும் இல்லை என்று சொல்லிவிடு.

நீ அன்று கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஹிருத்தே கிழித்துக் கொடுத்தாள், பச்சைக் கரை போட்ட சால்வையிலிருந்து. யாருடையது என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. யார் கண்டது, பலன் இருந்தாலும் இருக்கும்.

உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மெக்கோனென்


ஜில்லா ஆஸ்பத்திரி
திர் 13

பெரியத்தானுக்கு,

உங்கள் உறையைத் தொட்டுப் பார்த்ததும் மெத்தென்று இருந்தது. மாத்திரைக்குப் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். சிகே பயந்துபோய், "ஒனக்கும் புடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

திகிம்த் மாதம் வந்திருந்தால் இந்தத் துணியைக் கண்ணில் ஒற்றியிருப்பேன். இதையெல்லாம் நம்பாதே என்று என்னை நீங்கள்தான் திட்டினீர்கள். திட்டித் திட்டி நம்பிக்கையைப் பிடுங்கினீர்கள். அந்த இடம் காலியான பிறகு துணியை அனுப்புகிறீர்கள். நான் இதை எங்கே வைப்பது?

மாத்திரை தீர்ந்து குரல்கள் திரும்ப வந்துவிட்டன. கம்பத்தில் தலையை மோதினார். காவல்காரர் சங்கிலியை இன்னும் இறுக்கினார். நான் தடுக்கவில்லை, எனக்கும் பயமாக இருந்தது. சிகே தன் மகளுக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் கொடுத்தாள், அவளிடம் எத்தனை நாள் பிடுங்குவது? நர்ஸிடம் ஓடினேன். அவர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். மருந்து அலமாரிச் சாவி அவரோடு போயிருந்தது.

அதனால் உங்கள் துணியை எரித்தேன். ஆமாம், எரித்தேன். வேறு என்ன இருந்தது என் கையில்? தணலில் பாதியைப் போட்டு, அவர் தலையைப் போர்வையால் மூடி, முகத்தைப் புகைமேல் பிடித்தேன். இருமினார். திமிறினார். அப்புறம் அமைதியானார். போர்வையை விலக்கினேன். அவர் என் கையில் மீதி இருந்த பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கரையை விரலால் தொட்டார்.

"இது ஹிருத் அண்ணியோடது இல்ல?"

"ஆமா."

"ஏன் கிழிச்சீங்க? அடிஸ்ல இப்ப குளிருமே ஜெம்பெர். அவங்க எதப் போத்திக்குவாங்க?"

அவ்வளவுதான் பேசினார். பெரியத்தான், பைத்தியம் என்று கட்டிப்போட்ட ஆளுக்கு உங்கள் மனைவிக்குக் குளிருமே என்று தோன்றியது. நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சங்கிலியைக் கழற்றுங்கள் என்று அன்றைக்கே காவல்காரரிடம் சண்டை போட்டேன். இரும்பு வலது மணிக்கட்டில் சதைக்குள் புதைந்திருந்தது. கழற்றும்போது வந்த நாற்றத்தில் காவல்காரரே வெளியே போய்விட்டார். விரல்கள் கறுத்திருந்தன. பண்டிகைக் கூட்டம் வெள்ளை வெளேரென்று பாடிக்கொண்டு எதிரே வர, நானும் சிகேயும் உங்கள் தம்பியைக் கழுதைமேல் வைத்துக் கூட்டத்துக்கு நடுவில் வந்தோம். ஏதோ அற்புதம் நடந்து குணமாகிப் போகிறார் என்று நினைத்து எல்லோரும் குலவையிட்டார்கள்.

அண்ணன் ஹைலே ஊரிலிருந்து வந்ததும், இனி அடிஸுக்குக் காத்திருக்க முடியாது என்று முதல் வேலையாக ஊசி போட்டார். புத்திக்கு இனி வழி இருக்கிறது, கைக்குத்தான் இல்லை என்றார். வலது கையை நாளைக் காலையில் மணிக்கட்டுக்கு மேலே எடுக்கிறார்கள். எடுக்காவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறுமாம். அப்பா வழி ஆண் ஒருவர் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள். "அப்பா வழில யாரும் இல்ல" என்றேன். நீங்கள் சொல்லச் சொன்னதுதானே. நானே கைநாட்டு வைத்தேன். எழுதத் தெரியும், அந்தத் தாளில் என் பெயரை எழுத மனம் வராமல் கட்டை விரலைக் கொடுத்தேன்.

இதைச் சிகேயின் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் லாரி எப்போது அடிஸ் சேருமோ தெரியாது. மீதித் துண்டை இதில் வைத்திருக்கிறேன். அக்காவிடம் கொடுங்கள். தைத்துக்கொள்ளட்டும்.

ஜெம்பெர்


அடிஸ் அபெபா
திர் 14

அன்புள்ள ஜெம்பெர்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமாக இருப்பாய். நியாயம்தான். அதற்குக் காத்திராமல் எழுதுகிறேன், விடியற்காலைப் பஸ் ஓட்டுநரிடம் கொடுக்கிறேன்.

நேற்று அவர்கள் வந்தார்கள். ஹிருத் காபி வறுத்தாள், மஹ்லெத் ஊற்றினாள். முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில் மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் கேட்டார். "ஒங்க தம்பி வாத்தியார் ஒருத்தர் தீர்த்தத்துல இருக்காராமே?" நான், "ஆமாங்க, கண்ணு பட்டுருச்சு, சரியாயிட்டு வருது" என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, "பேயா, நோயா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மஹ்லெத் சொன்னாள், கையில் காபிப் பானையோடு. "நோய்தாங்க. மாத்திரை குடுத்தா தூங்கறாரு, புள்ளைங்களக் கேக்கறாரு. மாத்திரைய அப்பா நிறுத்திட்டாரு. நீங்க வர்றீங்கன்னு."

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் படித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மூன்றாம் சுற்றுக்கு அவர்கள் இருக்கவில்லை. ஆசீர்வாதக் கோப்பையைக் குடிக்காமல் எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். வாசல்வரை போய் அந்த மனிதர் என் தோளைத் தொட்டு, "மருந்த நிறுத்தாதீங்க" என்றார். அதைச் சொன்னவரும் திரும்பி வரவில்லை.

நான் மகளை அடிக்கக் கை ஓங்கினேன். அவள் நகரவில்லை. "நோய்னு தெரிஞ்சுதானேப்பா சித்தப்பாவுக்கு மாத்திரை அனுப்புனீங்க. அப்புறம் எதுக்கு அம்மா சால்வையக் கிழிச்சு அனுப்புனீங்க?" என்று கேட்டாள். என் கை அப்படியே நின்றது. அழுதாள், அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

நர்ஸிடம் சொல்: அப்பா வழியில் இருந்தார். எங்கள் பெரியப்பா செகாயே. வெளியூர் போய்விட்டார் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகையில் கட்டி வைத்திருந்தார்கள், சாகும்வரை. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அவருக்கு இன்ஜெரா அப்பம் கொண்டுபோனது அயலேவ். பால் பல் விழாத வயது அவனுக்கு. பயமே கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு வருவான். நேற்றிலிருந்து அது ஒன்றுதான் என் கண் முன்னால் நிற்கிறது.

கிளம்பி வா. முன்னறையைக் காலி செய்துவிட்டேன். ஊசிக்கும் பேசிவிட்டேன். எங்கள் பகுதி மருந்துக் கடையிலேயே, அந்தப் பையன் கையாலேயே மாத்திரை வாங்கினேன், இத்துடன் இருக்கிறது. மஹ்லெத் சுவரில் கறுப்புச் சாயம் அடித்துச் சித்தப்பாவுக்குக் கரும்பலகை செய்திருக்கிறாள். ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வருவார்கள், அவன் பாட்டுக்குப் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும். அவன் போடும் வரைபடம் அச்சடித்தது மாதிரி இருக்கும், உனக்குத் தெரியாததா.

பஸ் நிலையத்துக்கு ஹிருத் வருவாள். கூட்டத்தில் தேட வேண்டாம். ஓரம் கிழிந்த சால்வையைத்தான் போர்த்திக்கொண்டு வருவேன் என்கிறாள், நான் புதிதாக வாங்கியதைத் தொடமாட்டேன் என்கிறாள். அயலேவுக்குப் பஸ் படி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். இறங்கும்போது அவன் வலது கையைப் பிடித்துக்கொள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கையைப் பிடித்தால்தான் அவன் யாரோடும் நடப்பான்.

மெக்கோனென்